பழைய துணி கொடுத்தா போதுமா? உதவி செய்யுறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய 10 புத்தகங்கள்!

2004 சுனாமி வந்தபோது உங்களில் பலர் கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள். சிலர் பிறந்தே இருக்க மாட்டீர்கள். அந்த நாள்களில் நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் மறக்காமல் சொல்லும் ஒரு காட்சி உண்டு. சாலை ஓரங்களில் மலைபோலக் குவிந்து கிடந்த பழைய துணிகள். நாடு முழுக்க இருந்து லாரி லாரியாக அன்போடு அனுப்பியவைதான். ஆனால், மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. வீடு, படகு, வலை எல்லாம் போனவர்களிடம் கிழிந்த சட்டையையும் சாயம்போன சேலையையும் நீட்டினால் எப்படி இருக்கும்? 'நாங்க உழைச்சுச் சாப்பிட்டவங்க, பிச்சைக்காரங்க இல்ல' என்ற கோபம் அவர்களுக்கு இருந்தது. அது நியாயமான கோபம்தானே?

அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மனசு இருந்தது. அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை.

இப்போதும் வெள்ளம் வந்தால் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கிறோம். ஜிபே-யில் காசு போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை அரசுப் பள்ளிக்குப் போய் சுவருக்கு பெயின்ட் அடித்துவிட்டு ஸ்டோரி போடுகிறோம். எம்.எஸ்.டபிள்யூ படிக்கலாமா, என்.ஜி.ஓ-வில் வேலைக்குச் சேரலாமா என்று யோசிப்பவர்களும் நிறைய இருக்கிறீர்கள். எல்லாம் நல்ல விஷயம். ஆனால், ஏழ்மை ஏன் இருக்கிறது, ஒருவர் ஏன் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார், கடன் எப்போது கைகொடுக்கிறது, எப்போது கழுத்தை நெரிக்கிறது என்பதெல்லாம் தெரியாமல் இறங்கினால், நாமும் பழைய துணி மூட்டையைத்தான் அனுப்பிக்கொண்டிருப்போம்.

அதைத் தெரிந்துகொள்ள உதவும் 10 புத்தகங்கள் இங்கே. பாடப்புத்தகம் மாதிரி தூக்கம் வரவைப்பவை இல்லை. கதைபோலப் படிக்கலாம். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்களுக்குப் பிடித்த இடத்தில் ஆரம்பிக்கலாம்.

முதல்ல... பார்க்கக் கத்துக்கலாம்!

1. எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட் – பி.சாய்நாத் (1996)

'நல்ல வறட்சின்னா எல்லாருக்கும் பிடிக்கும்' என்ற பொருள் வரும் தலைப்பே ஒரு குட்டுதான். சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் சாய்நாத், 1990-களின் தொடக்கத்தில் ஐந்து மாநிலங்களில் மிகவும் ஏழ்மையான மாவட்டங்களாகத் தேர்ந்தெடுத்துச் சுற்றினார். அதில் நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. நடந்து மட்டும் போன தூரம் சுமார் 5,000 கிலோமீட்டர். அப்போது எழுதிய செய்திக் கட்டுரைகளின் தொகுப்புதான் இந்தப் புத்தகம்.

ஒரு சாம்பிள் பார்ப்போம். ஒடிசாவின் கோம்னா பகுதியில் ஏழைகளின் வருமானத்தை உயர்த்த அரசு ஒரு திட்டம் போட்டது. கலப்பின மாடு வளர்த்தால் பால் பெருகும், பணம் பெருகும் என்று கணக்கு. வெளிநாட்டு இன விந்து ஊசி போட்டால் மட்டும் போதாது, உள்ளூர்க் காளை குறுக்கே வந்துவிடக் கூடாதே! அதனால் அந்தப் பகுதியின் நாட்டுக் காளைகளுக்கெல்லாம் காயடித்தார்கள். பிறந்த கலப்பினக் கன்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாலும் பெருகவில்லை. கடைசியில் அந்த மண்ணுக்கே உரிய நாட்டு மாட்டு இனம்தான் அந்த வட்டாரத்தில் இல்லாமல்போனது. திட்டம் போட்டவர் யாரும் அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாமே சோகக்கதை என்று நினைக்காதீர்கள். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை இதில்தான் வருகிறது. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தட்டுப்பாடு. அதனால் என்ன? ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்ற கூடுதல் வசதி வேறு! கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் வயல்வேலை செய்த பெண்களும் தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் கட்டிக்கொண்டு தாங்களாகவே ஓட்டிப்போனார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருப்பது நின்றுபோனது. ஒரு சைக்கிள் என்னவெல்லாம் செய்யும் என்பதை இந்தக் கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம்.

*யாருக்கு?* ஒரே மூச்சில் பெரிய புத்தகம் படிக்க முடியாதவர்களுக்கு. ஒவ்வொரு கட்டுரையும் சில பக்கங்கள்தான். பஸ்ஸில் படித்து முடித்துவிடலாம். சாய்நாத் 2014-ல் ஆரம்பித்த 'பாரி' இணையதளத்தில் இதேபோன்ற கிராமத்துக் கட்டுரைகள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

2. பிஹைண்ட் த பியூட்டிஃபுல் ஃபாரெவர்ஸ் – கேத்தரின் பூ (2012)

மும்பை விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சேரி. பெயர் அண்ணாவாடி. 'அண்ணா'ன்னு நம்ம வார்த்தை மாதிரி இருக்கேன்னு தோணுதா? நம்ம வார்த்தையேதான். 1991-ல் ஓடுபாதையைச் சரிசெய்யத் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் ஏற்றிவரப்பட்ட கூலித்தொழிலாளிகள், வேலை முடிந்ததும் பக்கத்தில் இருந்த சதுப்பு நிலத்தைக் காயவைத்து, மேடாக்கி, குடிசை போட்டார்கள். அந்த 'அண்ணன்'களின் ஊர்தான் அண்ணாவாடி.

அமெரிக்கப் பத்திரிகையாளரான கேத்தரின் பூ, மூன்று வருடங்களுக்கும் மேலாக அங்கே போய்வந்து எழுதியது இது. குப்பையைத் தரம் பிரித்து விற்று மெதுவாக மேலேறிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒரு சுவர்த் தகராறு. அந்தப் பெண் தன் உடம்பில் தீ வைத்துக்கொள்ள, பழி இந்தக் குடும்பத்தின் மேல் விழுகிறது. அதன்பிறகு காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று போகும் இடமெல்லாம் காசு கேட்கிறார்கள். நாவல் மாதிரி ஓடும். ஆனால், நடந்தது எல்லாம் நிஜம்.

இந்தப் புத்தகம் நம் மனதில் இருக்கும் ஒரு நினைப்பை உடைக்கிறது. ஏழைகள் எல்லாரும் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று சினிமா பார்த்து நம்பிவிட்டோம். கொஞ்சமாக இருப்பதற்குப் பலர் அடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் போட்டியாளர் ஆகிறார். அவர்கள் நம்மைவிடக் கெட்டவர்கள் என்பதால் அல்ல; நிற்க இருக்கும் இடம் அவ்வளவு குறுகல்.

*யாருக்கு?* த்ரில்லர் பிடிக்கும், கட்டுரை பிடிக்காது என்பவர்களுக்கு.

அடுத்து... 'ஏன்?'னு கேட்கலாம்!

3. பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ் – அமர்த்தியா சென் (1981)

பஞ்சம் ஏன் வருகிறது? 'சாப்பாடு இல்லாததால்' என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். இல்லை என்கிறார் சென்.

1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 20 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அப்போது சென் பத்து வயதை எட்டாத சிறுவன். பெரியவராகி, பொருளாதாரம் படித்து, அந்த வருடத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 1943-ல் வங்கத்தில் இருந்த உணவு, பஞ்சமே வராத 1941-ல் இருந்ததைவிட அதிகம்! அரிசி இருந்தது. யுத்தகாலத்தில் விலை எகிறியதால், கூலிக்காரருக்கும் மீனவருக்கும் அதை வாங்க வழியில்லாமல் போனது. முடிதிருத்துபவரை நினைத்துப் பாருங்கள். சோற்றுக்கே இல்லாத ஊரில் யார் முடிவெட்டிக்கொள்ள வருவார்கள்? அவர் கையில் தொழில் இருக்கிறது, கடையில் அரிசி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பாலம்தான் உடைந்துவிட்டது.

'ஊரில் இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'அவர் கைக்குப் போய்ச்சேர வழி இருக்கிறதா?' என்பது இன்னொரு கேள்வி. ரேஷன் கடை, நூறு நாள் வேலை பற்றியெல்லாம் நியூஸ் வரும்போது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். 'இலவசம் எதுக்கு?' என்று சட்டென ஸ்டேட்டஸ் போட மனசு வராது.

*யாருக்கு?* பொருளாதார மாணவர்களுக்கு இது கட்டாயம். அட்டவணையைப் பார்த்தாலே அலர்ஜி என்பவர்கள், அவரே 1999-ல் எழுதிய 'டெவலப்மென்ட் அஸ் ஃப்ரீடம்' நூலில் தொடங்கலாம். கொஞ்சம் எளிது.

4. புவர் எகனாமிக்ஸ் – அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ (2011)

2019-ல் மைக்கேல் க்ரெமரோடு சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கிய தம்பதி. டுஃப்லோ, 2021-ல் தமிழ்நாடு முதலமைச்சருக்கு ஆலோசனை சொல்ல அமைத்த பொருளாதாரக் குழுவிலும் இருந்தவர்.

இவர்கள் ஸ்டைல் ரொம்ப சிம்பிள்: வாய்ச்சண்டை வேண்டாம், செய்து பார்த்துவிடுவோம். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் தடுப்பூசி இலவசம். ஆனாலும், எல்லா ஊசியும் போட்டு முடித்த குழந்தைகள் வெறும் 6%. 'படிக்காத ஜனங்க, ஊசின்னா பயம்' என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் முதலில் செய்தது, மாதம் தவறாமல் அதே ஊரில் முகாம் நடத்தியது. 18% ஆனது. அடுத்து, ஒவ்வொரு முறை ஊசி போடும்போதும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடித்தால் எவர்சில்வர் தட்டு செட் என்று அறிவித்தார்கள். 39%!

'காசு கொடுத்து ஊசி போட வைக்கிறதா?' என்று பலருக்குக் கோபம். ஆனால், கணக்கு வேறு மாதிரி இருந்தது. நர்ஸ் எப்படியும் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் வந்தால் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு குறைகிறது. பருப்பு கொடுத்தும்கூட, முழுத் தடுப்பூசிக்கான செலவு கிட்டத்தட்ட பாதியானது.

எதிர்ப்பு இருந்த இடமும் பருப்புக்கே கரைந்துவிட்டது என்றால், அது ஆழமான எதிர்ப்பே இல்லை. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்ற சோம்பல்தான். அது நமக்கு இல்லையா? வருடச் சந்தா கட்டிவிட்டு எத்தனை நாள் ஜிம்முக்குப் போனோம்? நமக்குக் குழாயில் தண்ணீர் தானாக வருகிறது, சம்பளத்தில் பி.எஃப் தானாகப் பிடிக்கிறார்கள். ஏழைகள் மட்டும் தினம் தினம் எல்லா முடிவையும் சரியாக எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

*யாருக்கு?* 'அவங்களுக்குப் புத்தி சொன்னா திருந்திடுவாங்க' என்று வீட்டில் யாராவது சொல்லும்போது பதில் தேடுபவர்களுக்கு.

5. பேங்கர் டு த புவர் – முகமது யூனுஸ்

1974-ல் வங்கதேசத்தில் பஞ்சம். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தார் யூனுஸ். வெளியே மக்கள் செத்துக்கொண்டிருக்க, உள்ளே போர்டில் தியரி எழுதுவது அவருக்கு ஒட்டவில்லை. பக்கத்தில் இருந்த ஜோப்ரா கிராமத்துக்கு நடந்தார். மூங்கில் முக்காலி பின்னும் ஒரு பெண்ணிடம் பேசினார். மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன், அதனால் அவர் சொல்லும் விலைக்கே முக்காலியை விற்க வேண்டும். நாள் முழுக்கப் பின்னினால் மிஞ்சுவது சில்லறை. இப்படி அந்த ஊரில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் 42 பேர். அத்தனை பேரின் கடனையும் கூட்டினால் 27 டாலர்! தன் பாக்கெட்டில் இருந்தே கொடுத்துவிட்டார். அங்கே ஆரம்பித்ததுதான் 1983-ல் கிராமீன் வங்கி ஆனது. 2006-ல் அமைதிக்கான நோபல் கிடைத்தது. 2024-ல் வங்கதேச இடைக்கால அரசின் தலைமை ஆலோசகர் ஆனவரும் இவர்தான்.

இதைப் படிக்கும்போது இன்னொரு பக்கத்தையும் மறக்க வேண்டாம். இதே 'குட்டிக் கடன்' ஐடியாவை லாபத்துக்காக எடுத்துக்கொண்ட கம்பெனிகள் வரிசையாக வந்தன. ஒரே வீட்டுக்கு நான்கு ஐந்து கடன், வாரா வாரம் தவணை, கட்டாவிட்டால் வாசலில் வந்து உட்காருவது என்று போய், 2010-ல் ஆந்திராவில் பெரிய நெருக்கடியாகவே வெடித்தது. நம் ஊரிலும் 'குழுக் கடன்' என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் மாறும் அக்காக்கள் இருக்கிறார்கள். கட்டாயக் கடன் வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. புத்தகத்தைப் படித்துவிட்டு, உங்கள் தெருவில் சுய உதவிக் குழுவில் இருக்கும் ஒரு அக்காவிடம் அரை மணி நேரம் பேசுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுசாகும்.

*யாருக்கு?* ஸ்டார்ட்அப் கனவு இருப்பவர்களுக்கு.

உடம்பு சரியில்லைன்னா... மாத்திரை மட்டும் போதாது!

6. டாக்டர் இல்லாத இடத்தில் – டேவிட் வெர்னர்

மெக்சிகோவின் மலைக்கிராமங்களில் வேலை செய்த டேவிட் வெர்னர் டாக்டர் இல்லை, உயிரியல் படித்தவர். டாக்டரே எட்டிப்பார்க்காத ஊர்களில் மக்கள் தாங்களே என்ன செய்துகொள்ளலாம் என்று ஸ்பானிஷ் மொழியில் படம் போட்டு எழுத ஆரம்பித்தார். 1977-ல் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு உலகம் முழுக்க 80-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. தமிழிலும் 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்ற பெயரில் வந்திருக்கிறது.

'காய்ச்சலா? ஒரு ஊசி போடுங்க டாக்டர்' என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வீட்டிலும் உண்டுதானே? தேவையில்லாத ஊசியும் மருந்தும் எவ்வளவு ஆபத்து என்று படத்தோடு புரியவைக்கிறது இந்தப் புத்தகம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் போவது தண்ணீர்ச்சத்து; உயிரை எடுப்பதும் அதுதான். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்டமான டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, அதனால் அளவு முக்கியம். கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்.

ஒரு எச்சரிக்கை: மருந்து விவரங்கள் காலத்துக்கு ஏற்ப மாறும். அதனால் பழைய பதிப்பைப் பார்த்து மாத்திரை போட வேண்டாம். இது டாக்டருக்குப் பதில் இல்லை. டாக்டரிடம் சரியான கேள்வி கேட்க உதவும் புத்தகம்.

*யாருக்கு?* என்.எஸ்.எஸ் கேம்ப் போகிறவர்களுக்கு, ட்ரெக்கிங் போகிறவர்களுக்கு, குழந்தை இருக்கும் எல்லா வீட்டுக்கும். ஆங்கிலப் பதிப்பை வெளியிடும் ஹெஸ்பெரியன் நிறுவனம் தன் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கக் கொடுக்கிறது.

7. மவுன்டன்ஸ் பியாண்ட் மவுன்டன்ஸ் – ட்ரேசி கிடர் (2003)

'மலைக்கு அப்பால் மலை' என்பது ஹைட்டி நாட்டின் பழமொழி. ஒரு பிரச்னையைத் தாண்டினால் அடுத்தது நிற்கும் என்று அர்த்தம். ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டே ஹைட்டியின் காஞ்ச் கிராமத்தில் ஏழைகளுக்காக மருத்துவமனை அமைத்த டாக்டர் பால் ஃபார்மரின் கதை இது. ஒரு நோயாளி மருந்து வாங்க வரவில்லை என்றால், மணிக்கணக்காக மலையேறி அவர் வீட்டுக்கே போகிற மனிதர்.

காசநோய்க்கு மருந்து கொடுத்தும் சிலர் இறந்துபோனது ஃபார்மரை உறுத்தியது. 'மந்திரவாதியை நம்புறாங்க, அதான் மாத்திரை சாப்பிடலை' என்று சிலர் சொன்னார்கள். அவர் இரண்டு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார். இரண்டுக்கும் மருந்து இலவசம். ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே மாதாமாதம் கொஞ்சம் பணம், சாப்பாடு, வீட்டுக்கே வந்து விசாரிக்கும் சுகாதாரப் பணியாளர். மருந்து மட்டும் வாங்கிய குழுவில் பாதிப்பேர்தான் குணமானார்கள். மற்ற குழுவில் எல்லாருமே! மந்திரவாதியை நம்பினார்களா இல்லையா என்பதற்கும் குணமானதற்கும் சம்பந்தமே இல்லை. பசித்த வயிற்றில் மாத்திரை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் நம் சென்னைக்கும் பெருமை உண்டு. காசநோய் வந்தால் சானடோரியத்தில்தான் அடைக்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1950-களின் இறுதியில் நிரூபித்தது சென்னையில் நடந்த ஆய்வுதான். இன்று காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதன் பின்னால் இருப்பதும் ஃபார்மர் கண்ட அதே உண்மைதான். ஃபார்மர் 2022-ல் ருவாண்டாவில் காலமானார். கடைசிவரை நோயாளிகளோடுதான் இருந்தார்.

*யாருக்கு?* நீட் எழுதுபவர்களுக்கு, நர்ஸிங் படிப்பவர்களுக்கு. எதற்காக இந்தப் படிப்பு என்று சலிப்பு வரும்போது எடுத்துப் படிக்கலாம்.

8. ஜாம்கேட் – மேபல் ஆரோலே, ரஜனிகாந்த் ஆரோலே (1994)

வேலூர் சி.எம்.சி-யில் படித்த டாக்டர் தம்பதி. 1970-ல் மகாராஷ்டிராவின் வறண்ட ஜாம்கேட் பகுதியில் வேலையைத் தொடங்கினார்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டபோது மக்கள் சொன்னது மருத்துவம் இல்லை, தண்ணீரும் சாப்பாடும். அங்கிருந்தே ஆரம்பித்தார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டபோது தலித் மக்கள் வசிக்கும் பகுதியில் போட்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மற்ற சாதியினரும் அங்கேதான் வர வேண்டும். சாதியைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் இல்லாமல், கிணறே பேசியது!

கிராம சுகாதாரப் பணிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஊர்ப் பெண்களை. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பலர் தலித் பெண்கள். பிரசவம் பார்க்கவும், குழந்தையின் எடையைக் கண்காணிக்கவும், தொழுநோயைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். முன்பு தங்களை வாசலுக்குள் விடாத வீடுகளிலேயே பிரசவத்துக்குக் கூப்பிட்டு அனுப்பும் அளவுக்கு மாறினார்கள். இன்றைய 'ஆஷா' பணியாளர் திட்டத்துக்கு இப்படிப்பட்ட முன்னோடிகள்தான் வழிகாட்டி.

*யாருக்கு?* எம்.எஸ்.டபிள்யூ, பப்ளிக் ஹெல்த் படிக்க நினைப்பவர்களுக்கு.

கடைசியா... நம்ம மண்ணு!

9. எரியும் பனிக்காடு – பி.எச்.டேனியல், தமிழில் இரா.முருகவேள்

பாலாவின் 'பரதேசி' (2013) பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலம் இந்த நாவல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை செய்த பி.எச்.டேனியல், தோட்டத் தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்டு 'ரெட் டீ' என்று 1969-ல் ஆங்கிலத்தில் எழுதினார். பஞ்சத்தில் தவிக்கும் திருநெல்வேலிச் சீமை இளம் தம்பதி கருப்பன் – வள்ளி. ஊருக்கு வரும் மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆசைகாட்டுகிறான். மலையேறிய பிறகுதான் தெரிகிறது, அந்த முன்பணம் என்றைக்கும் தீராத கடன் என்று. மலேரியாவில் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டதால் படிக்க வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கணக்குப் புத்தகத்தில் கடன் எப்படி வளர்கிறது, நோய் வந்தால் கூலி எப்படிக் குறைகிறது என்பதையெல்லாம் நாவலில்தான் நிதானமாகப் பார்க்க முடியும். வால்பாறைக்குப் போய் ரீல்ஸ் எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்தப் பச்சையைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

10. சுதந்திரத்தின் நிறம் – லாரா கோப்பா, தமிழில் பி.ஆர்.மகாதேவன்

கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியின் வாழ்க்கை. தலித் குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்திலேயே பட்டப்படிப்பு முடித்தவர் கிருஷ்ணம்மாள். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள் இந்தத் தம்பதி. 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டபோது, இருவரும் தஞ்சை மண்ணுக்கே போய்விட்டார்கள். கோபம் நியாயமானது, ஆனால் கூலிக்காரர் கையில் நிலம் வராமல் எதுவும் மாறாது என்பது அவர்கள் முடிவு. 1981-ல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசி விலைக்கு வாங்கி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள் பெயரில். பட்டா ஒரு பெண்ணின் பெயரில் இருந்தால், குடித்துவிட்டு விற்கவும் முடியாது. வீட்டை விட்டுத் துரத்தவும் முடியாது.

*யாருக்கு?* 'ஒருத்தரால என்ன ஆகிடப்போகுது?' என்று கேட்பவர்களுக்கு.

எங்கே கிடைக்கும்?

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், உங்கள் மாவட்ட மைய நூலகம் என்று தேடிப்பாருங்கள். கல்லூரியில் சமூகப்பணித் துறை இருந்தால், அந்தத் துறை நூலகத்தில் பாதிக்கு மேல் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆங்கிலம் தடையாகத் தெரிந்தால் 6, 9, 10-ல் தொடங்குங்கள். ஆங்கிலம் பழகிக்கொள்ள நினைத்தால் 1-ல் தொடங்குங்கள்.

உதவப் போறதுக்கு முன்னாடி 5 கேள்விகள்

பத்துப் புத்தகமும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு காலம். ஆனாலும், படித்து முடித்தால் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கேள்விகள்தான். அடுத்த முறை வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கும்போது இதைப் பின் செய்து வைக்கலாம்.

* என்ன தேவை என்று அவர்களிடமே கேட்டோமா? (கோம்னாவில் கேட்கவில்லை. ஜாம்கேடில் கேட்டார்கள்.)
* பொருள் இல்லையா, அல்லது இருந்தும் அவர்கள் கைக்குப் போக வழியில்லையா?
* 'அவங்க அறியாமை' என்று நாம் சொல்வது உண்மையில் பசியா, தூரமா, நேரமின்மையா?
* நாம் திரும்பிப் போன பிறகும் இது நடக்குமா? அதை நடத்தப்போவது யார்?
* இதை நமக்கு யாராவது கொடுத்தால், போட்டோ எடுக்கச் சம்மதிப்போமா? அப்படியே வாங்கிக்கொள்வோமா?

கடைசிக் கேள்வி சின்னதுதான். ஆனால், நாகப்பட்டினம் சாலையோரத் துணிமலையில் பாதியை அது ஒன்றே குறைத்திருக்கும். அடுத்த முறை அலமாரியிலிருந்து உதவிக்கு ஒரு சட்டையை எடுக்கும்போது பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு போன் போட்டு, 'அங்கே இப்போ என்ன வேணும்?' என்று கேளுங்கள். 'துணி வேணாம் தம்பி, தார்ப்பாய் இருந்தா அனுப்புங்க' என்று பதில் வரலாம். அப்படியென்றால் தார்ப்பாயை அனுப்புங்கள்!